ஸா எங்க இருக்கு?

பத்து வயசு பசங்க ஏழு பேரு, ஓரமா பாயில நான், வயசு நாப்பத்தி ரெண்டு. பொண்ணை பாட்டு க்ளாஸ்ல கொண்டு விட்டுட்டு ஒரு மணி நேரம் வாசல்ல செருப்புக்கு காவல் உக்காந்திருந்தவனை டீச்சரே ஒரு நாள் "ஏன் தம்பி, வெளிய உக்காந்து போனை நோண்டுறதுக்கு உள்ள வந்து பாடலாம்ல"ன்னு கூப்பிட்டாங்க, நானும் சரி கொசுக்கடிக்கு இது எவ்வளவோ மேல்னு உள்ள போயிட்டேன். இது போன வருஷம் சித்திரையில. அன்னைலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் சனி, ஞாயிறு சாயங்காலம் உறையூர்ல அந்த வீட்டு கூடத்துலதான் நான்.

முதல் நாள் பட்ட அவமானத்தை சொல்லிடறேன். எல்லாரும் ஸரிகமபதநிஸ் பாடறாங்க, நானும் சேர்ந்து பாடறேன். மேல போகப்போக தொண்டை இறுகி குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். சரின்னு இறக்கி பாடினா கெணத்துக்குள்ள விழுந்தவன் மேல இருக்கறவங்கள கூப்பிடற மாதிரி இருக்கு. பக்கத்துல ரெட்டை ஜடை போட்ட ஒரு வாண்டு வாயை பொத்திக்கிட்டு சிரிக்குது. என் பொண்ணு நான் யாருன்னே தெரியாத மாதிரி சுவத்தை பாத்துக்கிட்டு இருக்கா. எனக்கு பாட்டே வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். டீச்சர் எல்லாரையும் அனுப்பிட்டு பாட்டுக்கு பின்னாடி ஸா-வை விடாம ஒலிக்கற சுருதிப் பெட்டியில எதையோ திருகி "இப்ப பாடுங்க"ன்னாங்க. பாடினேன். வந்துச்சு! சுமாராத்தான் வந்துச்சு, ஆனா தொண்டை வலிக்காம வந்துச்சு.

அவங்க பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். பசங்களுக்கு அஞ்சு கட்டையில வெச்சிருந்த சுருதியை எனக்காக ஒரு கட்டைக்கு, அதாவது ஒண்ணாம் கட்டைக்கு, மாத்தினாங்க. இந்த ஒரு விஷயம் புரியறதுக்கு எனக்கு மூணு மாசம் ஆச்சு, புரிஞ்சதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா புரிய ஆரம்பிச்சுது, அதனால அதையே முதல்ல எழுதறேன்.

கட்டைன்னா வேற ஒண்ணுமில்ல, ஆர்மோனியத்துல விரல் வெச்சு அழுத்தற கட்டைதான். வெள்ளைக் கட்டைகளை வரிசையா ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் எண்ணுங்க, நடுவுல இருக்கற கறுப்பெல்லாம் அரைக்கட்டை. ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு, ரெண்டரை, மூணு, நாலு, நாலரை, அஞ்சு, அஞ்சரை, ஆறு, ஆறரை, ஏழு. மூணரைக் கட்டைன்னு ஒண்ணு கிடையாது, ஏன்னா மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்பு கிடையாது. ஏழரையும் கிடையாது (ஏழரைன்னு ஒண்ணு இருந்தா அதுல எவன் பாடுவான்). பொதுவா ஆம்பளைங்க ஒண்ணு, ஒண்ணரைக்கு பக்கத்துல பாடுவாங்க, பொம்பளைங்க அஞ்சு, அஞ்சரை. உங்களுக்கு எந்தக் கட்டைன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஸா-வுக்கு கீழ இருக்கற மந்திர ஸ்தாயி பஞ்சமத்தையும் (அதாவது கீழ் வரிசை பா) தொட முடியணும், மேல் ஸ்தாயி பஞ்சமத்தையும் கத்தாம தொட முடியணும். ரெண்டும் எந்தக் கட்டையில நடக்குதோ அதுதான் உங்க வீடு. ஆரம்பத்துல மேல் பஞ்சமம் யாருக்கும் வராது, அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன்னா, ஸா-ன்னா அது ஒரு நிலையான இடம், மலைக்கோட்டை மாதிரி, எங்கேர்ந்து பாத்தாலும் அது அங்கதான் இருக்கும்னு. அப்படி இல்லவே இல்ல. ஸா-ங்கறது நீங்க குடி இருக்கற வீடு. ரி, க, ம எல்லாம் அந்த வீட்டுலேர்ந்து எத்தனை அடி தூரம்ங்கற கணக்கு. என் பொண்ணோட ஸா வேற, என் ஸா வேற, ஆனா ரெண்டு பேருக்கும் ஸா-லேர்ந்து பா-வுக்கு இருக்கற தூரம் ஒண்ணுதான். நம்பரா சொன்னா, ஒரு கட்டை ஆம்பளைக் குரல் ஸா ஒரு செகண்டுக்கு சுமார் 131 அதிர்வு. பா அதுக்கு ஒண்ணரை மடங்கு, 196. மேல் ஸா ரெண்டு மடங்கு, 262. இதுல வேடிக்கை என்னன்னா அந்த 196 தான் அஞ்சு கட்டை. அதாவது எனக்கு எது பஞ்சமமோ அது என் பொண்ணுக்கு ஷட்ஜம், அதாவது ஸா. இத டீச்சர் சொன்னப்போ எனக்கு கொஞ்ச நேரம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, ரொம்ப அழகா இருந்துச்சு.

சரி, இப்ப சுருதி சேர்றதுன்னா என்ன? எல்லாரும் "சுருதியோட பாடு, சுருதியோட பாடு"ன்னு சொல்றாங்களே தவிர அது காதுல எப்படி கேக்கும்னு யாரும் சொல்றதில்ல. டீச்சர்கிட்ட பழைய தம்பூரா ஒண்ணு இருக்கு, அவங்க மாமியாரோடது. நாலு தந்தி. பா, அப்புறம் ரெண்டு தடவை ஸா, கடைசில கீழ் ஸா. தந்தியைத் தாங்கற குதிரைமேல அது உக்கார்ற இடத்துல தந்திக்கு அடியில ஒரு சின்ன நூல் துண்டை சொருகுவாங்க, ஜீவாளின்னு பேரு. தையல் நூல் மாதிரி சாதாரண பருத்தி நூல்தான். அந்த நூலை அரைக்கால் அங்குலம் முன்ன பின்ன தள்ளினா டொக்குன்னு இருந்த தந்தி திடீர்னு ஙொய்ங்ங்னு உயிர் வந்த மாதிரி பாடும். என்னை தள்ளிப் பாக்க சொன்னாங்க. நாலு தடவை தள்ளியும் டொக்கு டொக்குன்னுதான் இருந்துச்சு, அஞ்சாவது தடவை கூடம் முழுக்க தேனீ பறந்துச்சு.

அந்த தம்பூராவுக்கு பக்கத்துல உக்காந்து ஸாாா-ன்னு இழுக்க சொன்னாங்க. இழுத்தேன். என் குரலுக்கும் அதுக்கும் நடுவுல வ்வா வ்வா வ்வா-ன்னு ஒரு நடுக்கம், மின்விசிறிக்கு முன்னாடி நின்னு பேசினா வருமே அந்த மாதிரி. "அந்த நடுக்கம் கேக்குதா? அதுதான் நீங்க விலகி இருக்கற அளவு. இப்ப கொஞ்சமா ஏத்துங்க"ன்னாங்க. ஏத்த ஏத்த நடுக்கம் மெதுவாச்சு, வ்வாா... வ்வாாா..., அப்புறம் ஒரு இடத்துல நின்னே போச்சு. என் குரல் காணாம போன மாதிரி இருந்துச்சு. பயந்து நிறுத்திட்டேன். "ஏன் நிறுத்தினீங்க? அதான் தம்பி சுருதி"ன்னாங்க. பின்னாடி வீட்டுக்கு வந்து படிச்சதுல தெரிஞ்சது, தம்பூரா 131-ல இருக்க நான் 128-ல பாடினா வித்தியாசம் மூணு, அதனால செகண்டுக்கு மூணு தடவை அந்த நடுக்கம் வரும், ரெண்டும் ஒண்ணானா நின்னுடும். சுருதிங்கறது ஏதோ வரம் வாங்கிட்டு வந்தவங்களுக்கு மட்டும் கேக்கற விஷயம்னு நெனச்சவனுக்கு, அது எண்ணிப் பாக்கக்கூடிய ஒரு நடுக்கம்னு தெரிஞ்சது பெரிய ஆறுதலா இருந்துச்சு. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறவன், எண்ண முடிஞ்ச எதுவும் எனக்கு பயம் கிடையாது.

இந்த தைரியத்துல ஆன்லைன்ல மலிவா ஒரு கீபோர்டு வாங்கினேன். அங்கதான் மாட்டினேன். வாங்கின மறுநாளே போன்ல தம்பூரா ஆப்பை ஒரு கட்டையில வெச்சுட்டு கீபோர்டுல ஒண்ணாம் கட்டையை அமுக்கினா நாராசமா இருக்கு. என் காதுலதான் கோளாறுன்னு நெனச்சேன். கீபோர்டை மட்டும் வெச்சு வாசிச்சா ஸரிகம ஒழுங்கா கேக்குது, ஆப் கூட சேர்த்தா சண்டை. ஒரு வாரம் இப்படியே போச்சு, காதை டாக்டர்கிட்ட காட்டலாமான்னு கூட யோசிச்சேன், சத்தியமா. கடைசில பொண்ணு வந்து "அப்பா, அந்த ஸ்க்ரீன் ஓரத்துல ஏதோ ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது என்ன"ன்னு கேட்டா. டிரான்ஸ்போஸ்! பட்டன் எப்பவோ தெரியாம அமுங்கி மொத்த கீபோர்டும் அரைக்கட்டை ஏறி உக்காந்திருக்கு. ஒண்ணாம் கட்டையை அமுக்கினா ஒண்ணரைக் கட்டை சத்தம் வந்திருக்கு. ஆனா யோசிச்சு பாருங்க, தனியா வாசிச்சப்போ எனக்கு ஒரு தப்பும் தெரியல, ஏன்னா உள்ளுக்குள்ள தூரமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இன்னொருத்தர் கூட சேரும்போதுதான் வீடு எங்க இருக்குங்கற கேள்வியே வருது. அந்த பட்டன் பண்ணின உபகாரத்தை எந்த யூடியூப் வீடியோவும் எனக்கு பண்ணல.

அடுத்தது சுரம். ஏழு சுரம்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருப்போம். ஆனா கீபோர்டுல ஒரு ஸா-லேர்ந்து அடுத்த ஸா-வுக்கு முன்னாடி வரைக்கும் எண்ணினா பன்னெண்டு கட்டை இருக்கு. ஸா-வும் பா-வும் அசையாது, ஒவ்வொண்ணுதான். ம ரெண்டு வகை. ரி, க, த, நி ஒவ்வொண்ணும் மூணு வகை. கூட்டினா பதினாறு வருதே, இடம் பன்னெண்டுதானேன்னு நான் டீச்சர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன், டேலி ஆகலைன்னா எனக்கு தூக்கம் வராது. அவங்க சிரிச்சுக்கிட்டே, "உங்க தம்பி உங்க பொண்ணுக்கு சித்தப்பா, உங்க தங்கச்சி பிள்ளைக்கு மாமா. ஆளு ரெண்டா?"ன்னாங்க. அவ்வளவுதான். ரெண்டாவது ரி-யும் முதல் க-வும் ஒரே இடம், மூணாவது ரி-யும் ரெண்டாவது க-வும் ஒரே இடம், மேல த, நி-யிலயும் அதே கதை. கூட யாரு வர்றாங்கங்கறத பொறுத்து பேரு மாறுது. நாலு இடத்துக்கு ரெண்டு ரெண்டு பேரு, பன்னெண்டும் நாலும் பதினாறு, டேலி ஆயிடுச்சு, அன்னைக்கு நல்லா தூங்கினேன்.

தமிழ்ல இதுக்கெல்லாம் பழைய பேரு இருக்கு, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். பேர்களே பாட்டு மாதிரி இருக்கு. புதுக்கோட்டை பக்கம் குடுமியான்மலையில குடைவரைக் கோயிலுக்கு பக்கத்து பாறையில சுரங்களை நாலு நாலு எழுத்தா செதுக்கி வெச்சிருக்காங்க, 7ஆம் நூற்றாண்டு கல்வெட்டு. க்ளாஸ்ல சேந்த புதுசுல வீட்டுல எல்லாரையும் இழுத்துக்கிட்டு போய் பாத்தேன். எனக்கு ஒரு எழுத்து படிக்க தெரியல, வெயில்வேற மண்டைய பொளக்குது, ஆனா ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் நோட்ஸ் எடுத்து வெச்சிருக்கான், அதுவும் கல்லுல, நான் வாட்ஸ்அப்ல வர்ற நொட்டேஷனையே டவுன்லோட் பண்ணாம விட்டுடறேன்.

முதல் பாடம் எல்லாருக்கும் மாயாமாளவகௌளைதான். சரளி வரிசை, ஜண்டை வரிசைன்னு இந்த பாட வரிசையை அமைச்சவர் 16ஆம் நூற்றாண்டுல இருந்த புரந்தரதாசர்னு சொல்வாங்க. ஏன் இந்த ராகம்? கீபோர்டுல ஒண்ணு, ஒண்ணரை, மூணு, நாலு. அப்புறம் அஞ்சு, அஞ்சரை, ஏழு, மேல் ஒண்ணு. பாத்தீங்களா, கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சு. ஸா-லேர்ந்து ரி ஒட்டினாப்ல, ரி-லேர்ந்து க ஒரே தாவு, க-லேர்ந்து ம மறுபடி ஒட்டினாப்ல. ஒட்டி இருக்கறதையும் தாவறதையும் ஒண்ணா பழக்கிடுது, பாதி கத்துக்கிட்டா மீதி பாதி இலவசம். இப்ப இதையே ரெண்டாம் கட்டைலேர்ந்து வாசிச்சு பாருங்க, கறுப்பு வெள்ளையெல்லாம் குழம்பிப் போய் விரல் வேற வேற கட்டைக்கு போகும், ரெண்டு, ரெண்டரை, நாலரை, அஞ்சுன்னு. ஆனா காதுல அதே ராகம். தூரம்தான் ராகத்தை உண்டாக்குது, கட்டை இல்ல.

இதுக்கு ஒரு விளையாட்டு இருக்கு, கீபோர்டு இல்லாதவங்க போன்ல ஏதாவது ஒரு பியானோ ஆப் போட்டுக்கோங்க. வெள்ளைய தொடவே கூடாது, கறுப்பு மட்டும். நாலரைக் கட்டையை ஸா-ன்னு வெச்சுக்கிட்டு வரிசையா அஞ்சு கறுப்பையும் மேல போயி கீழ வாங்க. மோகனம்! கத்துக்காதவன் வாசிச்சாலும் மோகனம். இப்ப அதே அஞ்சு கறுப்புதான், ஆனா அஞ்சரைலேர்ந்து ஆரம்பிச்சு அதையே வீடா வெச்சுக்கோங்க, மத்யமாவதி. ஆறரைலேர்ந்து போனா ஹிந்தோளம். ஒண்ணரைலேர்ந்து சுத்த சாவேரி. ரெண்டரைலேர்ந்து சுத்த தன்யாசி. ஒரு கட்டையைக் கூட மாத்தல, வீட்டை மட்டும் மாத்தினோம், அஞ்சு ராகம். இதுக்கு கிரக பேதம்னு பேரு, தமிழிசைக்காரங்க பண்ணுப்பெயர்த்தல்னு சொல்வாங்க. ஒரு விஷயம், சும்மா வாசிச்சா எல்லாமே மோகனம் மாதிரியே கேக்கும், பின்னாடி தம்பூரா ஆப்பை அந்தந்த கட்டைக்கு மாத்தி வெச்சுட்டு வாசிங்க. ஹிந்தோளத்துக்கு மாத்தினப்போ, ஆறரைக் கட்டை சுருதி ஓட ஓட அதே பழைய கறுப்புக் கட்டைகள் திடீர்னு முகம் மாறி உம்முன்னு பாக்கற மாதிரி இருந்துச்சு, நான் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் இதையே பண்ணிக்கிட்டு இருந்தேன், வீட்டம்மா வந்து ஸ்விட்சை அணைச்சுட்டு போனாங்க. (ஹிந்தோளத்துல பா கிடையாது, அதனால ஆப்ல பா-வுக்கு பதிலா ம வெச்சுக்கணும், இல்லேன்னா இடிக்கும்.)

ஆனா அஞ்சு கட்டையை வரிசையா அமுக்கிட்டா ராகம் வந்துடுமான்னா, வராது. அது ராகத்தோட முகவரி மட்டும்தான். முதல் கீதம் லம்போதரன்னு ஒண்ணு சொல்லித் தருவாங்க, மலஹரி ராகம், அதுவும் மாயாமாளவகௌளை குடும்பம்தான். அதுல மேல போகும்போது க கிடையாது, நி எப்பவுமே கிடையாது. ஸரிமபதஸ் போயி, ஸ்தபமகரிஸ-ன்னு வரும்போது மட்டும் க-வை தொட்டுட்டு வரணும். ஒன்வே ரோடு மாதிரி. நான் ஒவ்வொரு தடவையும் மேல போகும்போது பழக்க தோஷத்துல க-வை தொட்டுடுவேன், டீச்சர் நிறுத்திடுவாங்க. எதைத் தொடணும், எதைத் தாண்டணும், எதுமேல நிக்கணும், எதை ஆட்டணும், இதெல்லாம் சேர்ந்ததுதான் ராகம். அந்த ஆட்டறதுதான் கமகம். தோடி ராகத்து க-வை கீபோர்டுல வாசிக்கவே முடியாது, அது ஒரு இடத்துல நிக்கற சுரமே இல்ல, ரெண்டு பக்கமும் ஊஞ்சலாடிக்கிட்டே இருக்கும். டீச்சர் ஒரு நாள் பாடிக் காட்டினாங்க. நான் அத பாட முயற்சி பண்ணதை பத்தி எழுத மாட்டேன்.

எழுபத்திரண்டு மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்களோட சார்ட் வாங்கி சுவத்துல ஒட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. நானும் ஒட்டினேன். 17ஆம் நூற்றாண்டுல வேங்கடமகி போட்ட கணக்கு, பிரமாதமான கணக்கு. ரி-யும் க-வும் சேர்றதுக்கு ஆறு வழி, த-வும் நி-யும் சேர்றதுக்கு ஆறு வழி, ம ரெண்டு, ஆறாறு முப்பத்தாறு, ரெண்டால பெருக்கினா எழுபத்திரண்டு. எக்செல்ல போட்டு பாத்து புல்லரிச்சுப் போயிட்டேன். ராகத்து பேர்ல முதல் ரெண்டு எழுத்தை வெச்சே அது எத்தனாவது மேளம்னு சொல்லிடலாம், கடபயாதின்னு பேரு, 'மாயா'-ல ம-வுக்கு அஞ்சு, ய-வுக்கு ஒண்ணு, அம்பத்தொண்ணு, திருப்பிப் போட்டா பதினஞ்சு, மாயாமாளவகௌளை பதினஞ்சாவது மேளம். இதையெல்லாம் க்ளாஸ்ல கடகடன்னு ஒப்பிச்சேன். டீச்சர் பொறுமையா கேட்டுட்டு "கணக்கு ரொம்ப நல்லா வருது தம்பி, ரி-தான் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கு"ன்னாங்க. முதல் வருஷத்துக்கு அந்த சார்ட் வேஸ்டு. கழட்டிட்டேன். சுவத்துல டேப் தடம் மட்டும் இருக்கு.

தாளத்துக்கு வர்றேன், என் பெரிய பிரச்சனையே இதுதான். சுருதி மாதா, லயம் பிதான்னு ஒரு சொல் உண்டு. எங்க வீட்டுல மாதிரியே இதுலயும் அம்மா கிட்ட பேசிடலாம், அப்பாகிட்டதான் உதை.

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. தொடையில ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், இது நாலு. அப்புறம் தட்டி திருப்பணும், தட்டி திருப்பணும், இது நாலு. இவ்வளவுதான், எல்.கே.ஜி பிள்ளை போடும். ஆனா இத போட்டுக்கிட்டே பாடும்போது என் கை ஒரு ஊருக்கும் வாய் ஒரு ஊருக்கும் போகுது. முதல் காலத்துல ஒரு தட்டுக்கு ஒரு சுரம், ரெண்டாம் காலத்துல ரெண்டு, மூணாம் காலத்துல நாலு. கை வேகம் மாறவே கூடாது, அதுதான் சூட்சுமம். சரளி வரிசை முதல் வரிசைக்கு ஏறி இறங்க பதினாறு சுரம். முதல் காலத்துல ரெண்டு தாள வட்டம் பிடிக்கும், ரெண்டாம் காலத்துல சரியா ஒரு வட்டம், மூணாம் காலத்துல அரை வட்டத்துலயே முடிஞ்சுடும், அதனால ரெண்டு தடவை பாடினாத்தான் ஆரம்பிச்ச தட்டுக்கு வந்து சேர முடியும். பேப்பர்ல இது எனக்கு தண்ணி பட்ட பாடு. பாடும்போது மூணாம் காலம் வந்ததும் கையும் சேர்ந்து ஓட ஆரம்பிச்சுடும். "ரேஷன் கடையில சர்க்கரை தீர்ந்துடும்ங்கற மாதிரி ஏன் ஓடறீங்க"ம்பாங்க.

லயம்ங்கறது வேகம் இல்ல, அந்த சமமான இடைவெளி. இத எனக்கு புரிய வெச்சது எங்க ஆபீஸ் பாத்ரூம் குழாய். வாஷர் தேஞ்சு போயி சொட்டு சொட்டா ஒழுகும், சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவுல மாறாத ஒரு இடைவெளி. கை கழுவ போனவன் அங்கயே நின்னு அந்த சொட்டுக்கு நாலு சுரம் வெச்சு மெதுவா முனகிப் பாத்தேன். என்னதான் ஸரிகம, பதநிஸ்-ன்னு அவசரப்பட்டாலும் குழாய் அவசரப்படாது. நான் முன்னாடி போயி நின்னுக்கிட்டு சொட்டுக்கு காத்துக்கிட்டு இருப்பேன். இப்ப வாஷரை மாத்திட்டாங்க. மெட்ரோனோம் ஆப் வெச்சு பாக்கறேன், குழாய் அளவுக்கு இல்ல.

எல்லா தாளமும் எட்டு இல்ல. ரூபகம் ஆறு. மிஸ்ர சாபு ஏழு, தகிட தகதிமி, தகிட தகதிமி. வாயால சொல்லிப் பாருங்க, நாலு தடவை சொன்னதுமே ஒரு நொண்டி நடை மாதிரி ஆட்டம் வந்துடும். கண்ட சாபு அஞ்சு, தக தகிட. இந்த சொல்லையெல்லாம் சொல்லிக்கிட்டே நடந்து பழகுங்க, காலு ரெண்டுதானே இருக்கு, அஞ்சு, ஏழெல்லாம் வரும்போது ஒரு தடவை வலது கால்ல தொடங்கும், மறு தடவை இடது கால்ல தொடங்கும், நடக்கும்போதே சிரிப்பு வரும். நான் காலையில காவேரி பாலத்து பக்கம் வாக்கிங் போகும்போது பண்றது இதுதான், யாராவது எதிர்ல வந்தா போன் பேசற மாதிரி காதுல கை வெச்சுக்குவேன்.

இன்னும் ரெண்டு விஷயம் புத்தகங்கள்ல தனித்தனி தலைப்பா போட்டிருப்பாங்க. ஒண்ணு நாதத்தோட குணம், அதாவது ஒரே ஸா-வை வீணையில, புல்லாங்குழல்ல, நாகஸ்வரத்துல வாசிச்சா ஏன் வேற வேறயா கேக்குது. அடிப்படை அதிர்வு ஒண்ணுதான், அதுக்கு மேல ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு கூடவே கேக்கற சின்னச் சின்ன அதிர்வுகள் ஒவ்வொரு வாத்தியத்துலயும் வேற வேற அளவுல கலந்திருக்கும். சாம்பார்பொடி மாதிரி, சாமான் ஒண்ணுதான், அளவு வீட்டுக்கு வீடு மாறும். இன்னொண்ணு ஹார்மனி. ஒரே நேரத்துல ரெண்டு மூணு சுரத்தை அடுக்கி ஒலிக்க விடறது, ஸ க ப மூணையும் சேர்த்து அமுக்கினா ஒரு கார்டு. மேற்கத்திய இசைக்கு அது முதுகெலும்பு, நம்ம கர்நாடக சங்கீதத்துல அந்த அடுக்கு கிடையாது, பின்னாடி ஓடற தம்பூராவோட பாடற சுரம் சேர்ந்து என்ன பண்ணுதோ அதுதான். கார்டு கத்துக்கற ஆசை இருந்தா கத்துக்கோங்க, எனக்கு இந்த ஜன்மத்துக்கு ரி-யே போதும்.

ஆபீஸ்ல ஒரு பழைய ட்யூப்லைட் இருக்கு, சோக் ங்ங்ங்-னு ரீங்காரம் போடும். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் அதுல ரெண்டு மடங்கு, 100-ல முனகும். கீழ் ஸ்தாயி அஞ்சு கட்டை 98. அதாவது கிட்டத்தட்ட என் மந்திர பஞ்சமம், லேசா தூக்கல், அவ்வளவுதான். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கிட்டே அதுக்கு ஏத்த மாதிரி ஒரு ஸா பிடிச்சு முனகிக்கிட்டு இருப்பேன். எலெக்ட்ரீஷியன் வந்து எல்.இ.டி மாத்தறேன்னு சொன்னப்போ நான் மட்டும்தான் வேண்டாம்னு சொன்னேன். காரணம் சொல்லல.

போன நவராத்திரிக்கு டீச்சர் வீட்டு கொலுவுல அப்பாவும் பொண்ணும் சேர்ந்து அந்த லம்போதர கீதத்தை பாடணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. யாரோட சுருதியில பாடறது? அஞ்சு கட்டையில வெச்சா எனக்கு மேல் ரி-யில கண்ணு பிதுங்குது, ஒரு ஸ்தாயி இறக்கினா கெணறு. ஒரு கட்டையில வெச்சா அவளுக்கு கீழ சத்தமே வரல. நடுவுல மூணு கட்டையில வெச்சு பாத்தோம், ரெண்டு பேருக்குமே பிடிக்கல, "அப்பா இது யார் வீட்டுலயும் இல்லாம ரோட்ல நிக்கற மாதிரி இருக்குப்பா"ன்னா. கடைசில அவ அஞ்சு கட்டையில பாடறது, நான் பக்கத்துல உக்காந்து தாளம் மட்டும் போடறதுன்னு முடிவாச்சு. ரூபகம்தானே, ஆறு எண்ணிக்கை, தட்டி திருப்பி, தட்டி சுண்டு விரல் மோதிர விரல் நடு விரல், என்ன பெருசு. நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. கடைசி வரிக்கு வந்தப்போ அவ பாடிக்கிட்டே என்னை ஒரு முறை முறைச்சா பாருங்க, அப்பதான் என் கையை குனிஞ்சு பாத்தேன், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு.